ஹார்ட்வெயார் கடை மாடிக்கு ஒரு தலைவர் தேவை

தலைவர்களை உருவாக்குவது என் தொழில் என்று புத்தளத்தில் சொன்னால், எந்தக் கட்சிக்கு என்று கேட்பார்கள். கட்சிக்கு இல்லை, கம்பனிக்கு. வெளிநாட்டுக் கம்பனிகள் தங்கள் அலுவலக வேலையை நம்மூர்ப் பக்கம் அனுப்புகின்றன. அதைச் செய்கிற பிள்ளைகளில் ஒருவரை மேலாளராக்கிக் கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். நாலு பேர் முன்னால் நின்று பயிற்சி என்று கத்தித் தொண்டை வற்றியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நான் சொல்லப்போகும் அலுவலகம் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே குழாய் அறுத்தால் மேலே என் தலைமைத்துவப் பாடம் கேட்காது. எங்கோ ஒரு நாட்டில் ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டி குளிராவிட்டால், இங்கே பத்துப் பேர் மின்னஞ்சலில் சமாதானம் சொல்வார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒரு மேலாளர் மூன்று மாதத்தில் தயாராக வேண்டும், இல்லாவிட்டால் அலுவலகத்தைக் கொழும்புக் கிளையோடு சேர்த்துவிடுவோம் என்று கம்பனி சொல்லிவிட்டது. சேர்த்தால் இந்தப் பத்துப் பேரில் இருந்த நாலு பெண்பிள்ளைகளும் வேலையை விட வேண்டியதுதான். கொழும்புக்குத் தினமும் போய்வர அவர்கள் வீட்டில் விடமாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

ஐந்தும் ஐந்தும்

முதல் நாள், எங்கள் பயிற்சி நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அனுப்பிய பாடத்தின்படி ஐந்து ஐந்து பேராகப் பிரியச் சொன்னேன். ஆண்கள் ஆறு பேர் ஒரு வட்டம், பெண்கள் நாலு பேர் ஒரு வட்டம். மறுபடி விளக்கினேன். தலையாட்டிவிட்டு அதே மாதிரி உட்கார்ந்தார்கள்.

நான் உடப்பு என்ற கடலோரத் தமிழ்க் கிராமத்துக்காரி. எங்கள் ஊரில் ஆளுக்கொரு வாழையிலை. இவர்கள் புத்தளத்து முஸ்லிம் பிள்ளைகள், விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். வட்டம் என்றால் ஆறு என்று கைகால்களே பழகியிருக்கின்றன. பெண்கள் வட்டத்தில் இருந்த ஜெஸீமா, மூன்று மாதத்தில் வகுப்பில் அவள் வாய் திறந்ததே அன்று மட்டும்தான், எனக்கு இடம் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் வந்து குந்துங்க மிஸ், இன்னொரு ஆள் எப்புடியும் வரும்."

குறை எழுதும் கடதாசி

அடுத்த பாடம், பெயர் போடாமல் ஆளுக்கொரு கடதாசியில் சக ஊழியர் ஒருவரின் குறையை எழுதுவது. பத்துக் கடதாசியிலும் 'குறை ஒன்றுமில்லை' என்றுதான் இருந்தது. ஒரு நல்ல மனிதர் கீழே எனக்கு ஸலாமும் எழுதியிருந்தார். இவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் விடாமல், ரிஸ்வானைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ரிஸ்வான் கழுத்துப்பட்டி கட்டி வருகிற ஒரே ஆள். அவனைத்தான் மேலாளராக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரமே அவனுடைய மாமியார் என்னைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். "எங்கட மருமகன்ல குறை ஈந்தா எங்களிட்டச் சொல்லுங்க மிஸ், கடதாசியில எழுதி வைக்க அவர் என்ன கேஸ்காரனா?"

ஒரு வாரத் தலைவர்

ரிஸ்வானை ஒரு வாரத்துக்குத் தற்காலிகத் தலைவராக்கினேன். புதன்கிழமை காலை வந்து பார்த்தால் அலுவலகத்தில் ஆளே இல்லை. ஊரில் ஒரு கலியாணம். லீவு கேட்ட எல்லோருக்கும் அவன் லீவு கொடுத்து, தானும் ஒன்று எடுத்துக்கொண்டு போயிருந்தான். யாரோ ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டிக்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதில் போகாத கணக்கு அன்றே கம்பனிக்குத் தெரிந்து, பெரிய அதிகாரி அம்மா நேரில் வருவதாக அறிவித்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு ஜெஸீமா மட்டும் மருதாணிக் கையோடு, கலியாண உடுப்போடு மாடியேறி வந்து கணினி முன் உட்கார்ந்தாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: "சாப்பாடு முடிஞ்சி மிஸ், இனி மாப்புள பொண்ணுக்கு நம்ம தேவல்ல."

நீயே மேலாளராக இரேன் என்று அன்று கேட்டேன். ரிஸ்வான் மச்சான் இருக்கும்போது நான் எப்படி என்று மறுத்துவிட்டாள்.

பெரிய அம்மா வந்த நாள்

அதிகாரி அம்மா வந்தார், அரைமணி நேரத்தில் ரிஸ்வானின் கழுத்துப்பட்டியைத் தாண்டி உள்ளே தலைவர் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டார். கதை முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானம் பாய் விரித்து இரண்டு சஹன். நடுவில் ஒரு திரை, அந்தப் பக்கம் ஆண்கள் ஆறு பேர். இந்தப் பக்கம் நாலு பெண்கள், நான், ஆறாவதாக அந்த அம்மா.

எங்கள் சோற்றின் மேல் ஐந்து கோழித் துண்டுதான் இருந்தது. யாரும் கை வைக்கவில்லை. ஜெஸீமா ஒருதரம் பார்த்தாள். திரையைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "ரிஸ்வான் மச்சான், அங்க ஏழு துண்டு ஈக்கி. ஒண்ட அனுப்புங்க" என்றாள். திரைக்கு அடியால் ஒரு துண்டு வந்தது. கடிபடாமல் வந்தது.

அந்த அம்மா என்ன நடந்தது என்று கேட்டார். பன்னிரண்டு பேருக்குச் சொன்ன சாப்பாடு, இங்கே ஐந்தென்றால் அங்கே ஏழுதானே என்று ஜெஸீமா ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, எல்லோருக்கும் பங்கு வைத்து, சின்னத் துண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். கடைசி இனிப்பான வட்டிலாப்பம் வருவதற்குள் மேலாளர் யார் என்று முடிவாகிவிட்டது. இந்த முறை மச்சானே சம்மதம் சொன்னதால் அவளும் மறுக்கவில்லை. அலுவலகம் புத்தளத்திலேயே இருக்கும். நாலு பிள்ளைகளின் முகத்தையும் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கை கழுவ வந்த ரிஸ்வானிடம், கேட்டவுடன் கொடுத்துவிட்டாயே என்றேன். சின்ன வயதிலிருந்தே அவள் சொன்னால் குடும்பத்தில் எல்லோரும் கேட்பதுதான் வழக்கம் என்றான். இதை முதல் மாதமே ஒரு கடதாசியில் எழுதித் தந்திருக்கக் கூடாதா என்று சீறினேன்.

"நீங்க குறையத்தானே எழுதச் சொன்னீங்க, மிஸ்."

அதற்குப் பிறகு என் பாடத்தில் குழு என்றால் ஆறு பேர்தான். காரணம் கேட்கிற தலைமை அலுவலகத்துக்கு, நீண்ட கள ஆய்வின் முடிவு என்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.