கம்பெனி பஸ்ஸில் அத்தை பாடிய பாட்டு

வெள்ளிக்கிழமைதோறும் நான் இணையத்தில் ஒரு பாட்டைப் பகிர்கிறேன். சினிமாப் பாட்டு இல்லை. எங்கோ ஓர் ஊரில் நாலு பேர் சேர்ந்து, யாரையும் கேட்காமல், தாங்களே பதிவு செய்து போட்ட பாட்டாக இருக்கும். பெரும்பாலும் பங்க் ராக். பாடத் தெரிந்தவர்கள்தான் பாட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என நம்புகிறவர்களின் சங்கீதம் அது. கேட்பதற்கென்று ஒரு சின்னக் கூட்டமும் சேர்ந்திருக்கிறது. இதெல்லாம் உனக்கு எப்படி அறிமுகம், சென்னையா, பெங்களூரா, எந்தக் காலேஜ் என்று அவர்கள் விசாரிப்பார்கள். வடக்குப்பட்டு என்று பதில் எழுதினால், வரைபடத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே கார் தொழிற்சாலைகள்தானே இருக்கின்றன என்பார்கள். ஆமாம், அதனால்தான் என்று எழுதி நிறுத்திக்கொள்வேன். முழுவதையும் சொல்வதென்றால் அத்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

அத்தை, அப்பாவின் தங்கை. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு காரின் உடம்புக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் பெரிய பலகையில் வைத்துப் பின்னி, டேப் சுற்றி அனுப்புவது அவளுடைய லைன். அந்தக் கம்பெனிக்குப் பஸ் ஓட்டியவர் அப்பா. அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களோடு தங்கையையும் ஏற்றிக்கொண்டு போய் கேட்டில் இறக்கிவிடுவார். ஷிஃப்ட் முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார். கேட்டுக்கு உள்ளே அவர் போனதே இல்லை. பஸ் டிரைவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வேலை முடிந்து வந்த அத்தை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனில் ஏதோ தேடியபோது, போனே தன்னிஷ்டத்துக்கு அடுத்ததாக ஒரு பாட்டைப் போட்டது. ஒரு பெண் தொண்டை கிழியக் கத்தினாள். பின்னால் யாரோ பாத்திரக் கடையைக் கவிழ்த்ததுபோல் ஒரு சத்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முடிந்ததும் மறுபடி போட்டாள். அன்றிலிருந்து அவளை யாராலும் திருத்த முடியவில்லை.

பாடியவள் ஏதோ ஒரு குளிர் தேசத்தில், மீனை டப்பாவில் அடைக்கும் கம்பெனியில் வேலை செய்பவள். பாட்டுக்குக் கீழே அத்தை தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள். அவள் பதில் எழுதினாள். இருவருடைய இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே தரம். லைன், ஷிஃப்ட், ஓ.டி., டார்கெட், சூப்பர்வைசர் என்ற சொற்கள் இரண்டு பக்கமும் இருந்தன. நட்புக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. அவள் புதுப்புதுப் பாட்டுகளாக அனுப்புவாள். அத்தை அவற்றைத் தன் லைனில் இருக்கும் பெண்களின் போன்களுக்கெல்லாம் தள்ளிவிடுவாள். ஒருநாள் அந்த மீன் கம்பெனிக்காரி, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று அனுப்பு என்று கேட்டாள். அத்தை நல்ல சினிமாப் பாட்டாகப் பொறுக்கி அனுப்பினாள். அழகாக இருக்கிறது, உன்னுடைய பாட்டு எது என்று பதில் வந்தது. அத்தை அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டு மாடி அறையில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா குடியிருந்தாள். அவளும் அதே கம்பெனி. அதற்குமுன் அந்த அறையில் இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு கிட்டார், பாதிக் கம்பி அறுந்து, பரணில் கிடந்தது. தென்காசி அக்கா போனில் பாடம் பார்த்து, மிச்சமிருந்த கம்பிகளை வைத்தே ஏதோ தட்டப் பழகினாள். அத்தை பாட்டு எழுதினாள். எனக்கு ஓர் எவர்சில்வர் தட்டும் இரண்டு குச்சிகளும் கொடுத்து, தாளம் உன் பொறுப்பு என்றார்கள்.

முதல் ஒத்திகை வீட்டிலேயே நடந்தது. அத்தை வாயைத் திறந்து முதல் வரியைக் கத்தியதும், பக்கத்து வீட்டு அம்மாள் கையில் வேப்பிலையோடு ஓடிவந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர், ஒருத்தி கையில் மஞ்சள் தண்ணீர்.

"எந்தத் தாயி வந்துகீது? இன்னா வோணுமாம், கேளுங்க!" என்றாள் அந்த அம்மாள், பயபக்தியோடு.

அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதையும் அவர்கள் சாமியின் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். எல்லோரையும் அனுப்பிவைத்த பிறகு அம்மா, இனிமேல் இந்த வீட்டுக்குள் அந்தப் பாட்டு கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் அத்தைக்கு பஸ் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஏரிக்கரை ஓரம் சும்மா நிற்கும். ஏசி பஸ், கண்ணாடிகளை மூடிவிட்டால் உள்ளே கத்துவது வெளியே கேட்காது. அப்பா கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆணியில் தொங்கிய சாவியை அத்தை எடுத்துக்கொள்ள, மூவரும் போய் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். தென்காசி அக்காவின் போனை முன் சீட்டில் சாய்த்து வைத்துப் பதிவை ஆரம்பித்தோம்.

பாட்டு இதுதான்:

"நில்லுன்னான், நின்னேன்.
நின்னுகினே தின்னேன்.
காலு வலிக்குதுன்னேன் — நில்லு!
ஒண்ணுக்கு வருதுன்னேன் — நில்லு!
பெல்லு அடிக்கட்டும் — நில்லு!
எங்க ஓடப்போற — நில்லு!"

ஒவ்வொரு 'நில்லு'வுக்கும் நான் தட்டில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும். எனக்கு இந்தப் பாட்டு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் கணக்கு டீச்சரைப் பற்றித்தான் அத்தை எழுதியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வாய்ப்பாடு சொல்லாதவர்களை அவர் இப்படித்தான் நிற்க வைப்பார்; ஒன்றுக்குப் போகவும் விடமாட்டார்.

மூன்றாவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தபோது பஸ்ஸின் கதவு திறந்தது. அப்பா நின்றார். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார்.

"சாவிய வூடு பூரா தேடிகினு கீறேன். இங்க இன்னா பண்றீங்க?"

பதிலுக்குக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. ஞாயிறு ஓ.டி.க்குப் போயிருந்தவர்களை ஏற்றி வர வேண்டிய டிரைவருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லையாம். உடனே வா என்று கம்பெனியிலிருந்து போன்மேல் போன்.

"வூட்டாண்ட எறக்கி வுட்டுட்டுப் போறதுக்குக்கூட டைம் இல்ல. அப்படியே ஒக்காருங்க. வந்து பேசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சொந்த ஆட்களை பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்பது, கம்பெனிக்கு பஸ்ஸை வாடகைக்கு விடும் முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. பிடிபட்டால் வேலை போகும். அது எங்களுக்குத் தெரியும். கிட்டாரை மடியில் படுக்க வைத்துக்கொண்டு தென்காசி அக்கா, "மாட்டிக்கிட்டோம்லா," என்று முணுமுணுத்தபடியே வந்தாள்.

கேட்டில் பெண்கள் ஏறினார்கள். பெரும்பாலும் அத்தையின் லைன்தான். காலையிலிருந்து வேலை செய்த முகங்கள். ஏறியதும் சீட்டில் பொத்தென்று விழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைசியாக ஏறியவர் லைன் சூப்பர்வைசர். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட் அவருக்கென்றே காலியாக விடப்பட்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். எங்களையும் கிட்டாரையும் பார்த்தார்.

"இன்னாம்மா, லீவு நாள்ல நீ எங்க இங்க? கச்சேரியா?"

அப்பா கண்ணாடியில் பார்த்தார். அத்தை எழுந்து நின்று, "ஆமா சார், சும்மா..." என்றாள்.

அவர் நல்ல மனநிலையில் இருந்தார். டார்கெட் முடிந்திருக்க வேண்டும். "அப்ப பாடு. வூடு போறவரைக்கும் பொழுது போவும்ல," என்றார்.

பெண்கள் கண்ணைத் திறந்தார்கள். பாடு பாடு என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. அத்தை வேண்டாம் சார் என்றாள். கூச்சப்படாதே என்றார் அவர். தென்காசி அக்கா அத்தையின் காதருகே குனிந்து, "அக்கா, சினிமாப் பாட்டு எதையாவது பாடி ஒப்பேத்திருவோமா?" என்றாள்.

அத்தை துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். பிறகு, "நம்ம கையில இருக்கிறது ஒரே பாட்டுதானடி," என்றாள்.

எனக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று புரியவில்லை. மூன்று தடவை ஒத்திகை பார்த்தாயிற்று. நான் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றேன். அத்தை என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

முதல் 'நில்லு'வுக்கு பஸ்ஸே திடுக்கிட்டது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. 'ஒண்ணுக்கு வருதுன்னேன்' என்று அத்தை கத்தியபோது, 'நில்லு' என்பதை அத்தை சொல்லவில்லை. நடு சீட்டிலிருந்து வேறு யாரோ சொன்னார்கள். அடுத்த 'நில்லு'வைப் பத்துப் பதினைந்து பேர் சொன்னார்கள். அதற்கடுத்ததை பஸ் முழுக்கச் சொன்னது. கால்களால் தரையை உதைத்தார்கள். முன் சீட்டுக் கம்பிகளில் டிபன் பாக்ஸால் அடித்தார்கள். பாட்டு முடிந்தும் அவர்கள் விடவில்லை. அத்தை திரும்ப முதலிலிருந்து பிடித்தாள். வயதில் மூத்த ஓர் அம்மாள் கத்திக்கொண்டே அழுதாள். என் தட்டுச் சத்தம் அவள் காதுக்கு ரொம்ப அதிகமாக இருக்கிறதோ என்று நான் கொஞ்சம் மெதுவாகத் தட்டினேன்.

சூப்பர்வைசர் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காது சிவந்திருந்தது.

"வண்டிய ஓரங்கட்டு," என்றார் அப்பாவிடம்.

அப்பா ஓரங்கட்டவில்லை.

"டிரைவர், உன்னத்தான். நிறுத்துன்னேன்."

"இங்க நிறுத்த முடியாது சார். பின்னாலயே கண்டெய்னரு லாரி வருது," என்றார் அப்பா.

நான் பின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரகடம் ரோடு கண்ணுக்கெட்டிய தூரம் வரை காலியாகக் கிடந்தது. ஒரு மாடு மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அப்பாவுக்குப் பார்வை சரியில்லையோ என்று கவலையாக இருந்தது.

பாட்டு ஓயும்வரை பஸ் ஓடியது. தன் நிறுத்தத்தில் சூப்பர்வைசர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது எல்லோரும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கோபமான முகத்தை நான் பார்த்ததில்லை. நடுவில் இரண்டு இடத்தில் தாளம் தப்பிவிட்டது எனக்குத் தெரியும். ஆகவே ஓடிப்போய், "சாரி சார், நான்தான் ரெண்டு எடத்துல தப்பா தட்டிட்டேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "பரவால்ல," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவு மூடியதும் பஸ் சிரித்த சிரிப்பில் கண்ணாடிகள் அதிர்ந்தன. நான் நன்றாகவே தட்டியிருக்கிறேன் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவை அந்தக் கம்பெனி வழியிலிருந்து எடுத்துவிட்டு, மறைமலை நகர் பக்கம் வேறு கம்பெனிக்கு ஓட்டச் சொன்னார்கள். அத்தையை வேறு லைனுக்கு மாற்றினார்கள். அவளோடு பாட்டும் அந்த லைனுக்கு மாறியது. தென்காசி அக்கா அணைக்க மறந்த போனில் பதிவானது, உதைச் சத்தம் அழுகைச் சத்தம் எல்லாவற்றோடும், இணையத்துக்குப் போயிற்று. மீன் கம்பெனிக்காரி அதைத் தன் பக்கத்தில் போட்டாள். அர்த்தம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் 'நில்லு' என்று எழுதி அனுப்பினார்கள். இங்கே அது போனிலிருந்து போனுக்குத் தாவி, அப்பாவின் புது பஸ்ஸில் ஏறிய முன்பின் தெரியாத பெண்கள்கூட அதை முணுமுணுத்தார்களாம். கொஞ்ச காலம் கழித்து அத்தையும் இன்னும் பலரும் சேர்ந்து மேனேஜரிடம் போய்ப் பேசினார்கள். லைன் ஓரத்தில் ஸ்டூல்கள் வந்தன. பாட்டால்தான் வந்தது என்று அத்தை சொன்னதில்லை. போய்க் கேட்டதால் வந்தது என்பாள். இப்போது அத்தைக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிறார்கள். நான் வெள்ளிக்கிழமை போடுகிற பாட்டுக்கு முதல் ஆளாக, சத்தம் பத்தலை என்று எழுதுகிறவள் அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெண்ணும் இறங்கிப்போனபின், பஸ் ஏரிக்கரையில் வந்து நின்றது. வெயில் தாழ்ந்திருந்தது. இப்போது திட்டு விழும் என்று நாங்கள் காத்திருந்தோம். அப்பா எஞ்சினை அணைத்தார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஷிஃப்ட் பூராவுமா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா," என்றாள் அத்தை.

"ஒக்காரவே வுடமாட்டானுங்களா?"

"டார்கெட் முடியலன்னா சாப்பாடும் நின்னுகினுதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைக்கு அனுப்ப மாட்ட."

சாவியைப் பற்றி அப்பா கேட்கவே இல்லை. "அத இன்னொரு தபா பாடு," என்றார்.

அத்தை இந்தத் தடவை கத்தவில்லை. மெதுவாக, பேசுவதுபோலப் பாடினாள். அப்பா திரும்பவே இல்லை. நடுவில் ஒரு தடவை புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அந்த ராகம் ரொம்பப் பிடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பாட்டில் ராகமே கிடையாது.