சாமுராய் தாத்தாவும் ஆறு வயசு எடிட்டரும்

போன வாரம் என் பேத்தி என்னைப் பார்த்து அலறி, அவ அம்மா காலுக்குப் பின்னாடி ஓடி ஒளிஞ்சா. நான் அடிக்கல, மிரட்டல. ஆசையா நாலு வார்த்தை ஜப்பானீஸ்ல பேசினேன்... அவ்ளோதான்!

யூரிக்கு ஆறு வயசு. என் பொண்ணு கவிதா ஒசாகாவுக்கு வேலைக்குப் போனவ, அங்கேயே ஒரு ஜப்பான்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பேத்தியை பிரவுசிங் சென்டர் வெப்கேம்ல பார்த்ததோட சரி. கட்டம் கட்டமா ஒரு மூஞ்சி வரும், கையை ஆட்டும், அப்படியே உறைஞ்சு நிக்கும். "குழந்தைக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கலியா?"ன்னா, "டைம் எங்கப்பா இருக்கு?"ன்றா மகராசி. சரி, ரிடையர் ஆன எனக்கு டைம்தானே இருக்கு... நானே ஜப்பானீஸ் கத்துக்கறேன்னு கிளம்பிட்டேன். லீவுக்கு வரும்போது அவ கூட வாய் நிறையப் பேசணும். வேற ஒண்ணும் வேணாம்.

ஞாயித்துக்கிழமை கிளாஸ். டீச்சரம்மா சொன்னாங்க: "சார், எழுத்து வந்துடுச்சு. இனிமே மாங்கா படிங்க. ஜப்பான் காமிக்ஸ். பேச்சு தானா வரும்." மாங்கான்னதும் ஊறுகாய் ஜோக் சொல்லத் துடிக்கறவங்க இங்கியே சொல்லி முடிச்சுடுங்க. நான் வெயிட் பண்றேன்.

ஆச்சா? மாங்காவுக்கு எங்க போறது? புதுச்சேரி மூலக்குளத்துல எங்க பக்கத்து வீட்டுக்காரர், பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ரிடையர் ஆன சொல்தா. தெருவுக்கே அவர் 'முசியே'. பாரிஸ்ல இருக்கிற அவர் மச்சான் பையனுக்கு மாங்கான்னா உயிராம். சொல்லி வச்சேன். ஒரு பெட்டி நிறைய வந்து இறங்குச்சு. பிரிச்சா... அத்தனையும் பிரெஞ்சு!

"முசியே, இது பிரெஞ்சு."

"ஆமா. பின்ன வேற எதுல சார் படிப்பாங்க?"

அவர் நிஜமாவே கேட்டார். புதுச்சேரியில இதுக்கெல்லாம் பதில் கிடையாது. 'மெர்சி'ன்னு நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

கடைசியில கவிதாகிட்டயே கேட்டேன். "சின்னப் பசங்க புக் அனுப்பறேம்பா, அதான் ஈஸி"ன்னா. வந்துச்சே கோவம்! பேப்பர்ல பத்தி எழுதறவன்... கன்னம் உப்பின பூனைக்குட்டி போட்ட புக்கை பஸ்ல பிரிச்சு வச்சுக்கிட்டா, பாக்கறவன் என்ன நினைப்பான்? சீரியஸா, கனமா ஒண்ணு அனுப்புன்னேன். சாமுராய் கதை வந்துச்சு. அட்டையில பனி, ரத்தம், வாள். டீபாய்ல வச்சா வீட்டுக்கே கௌரவம். வர்றவங்க எல்லாம் "ஓ, ஜப்பானீஸா சார்!"ன்னு வாயைப் பிளந்தாங்க. படிக்கறதுக்கா நாம புக் வாங்கறோம்? ஊர்ல இருக்கிற ஷோகேஸைக் கேட்டா சொல்லும்.

டீச்சரம்மா மட்டும், "சார், இதுல வர்றவங்க எல்லாம் ராஜா காலத்து ஆளுங்க. வெட்டிக்கறதுதான் வேலை"ன்னாங்க. நான் காதுலயே போட்டுக்கல. மூணு மாசம் அகராதியும் கையுமா உட்கார்ந்து முடிச்சேன். 'நில்!', 'உன் பெயரைச் சொல்!', 'இன்றோடு உன் கதை முடிந்தது!' — எல்லாம் தண்ணிபட்ட பாடு. அத்தனை பக்கங்கள்ல ஒருத்தனாவது 'சாப்ட்டியா?'ன்னு கேக்கணுமே. ம்ஹூம்... வெட்டிக்கவே நேரம் பத்தல அவங்களுக்கு.

லீவும் வந்துச்சு, குழந்தை கார்லேர்ந்து இறங்குச்சு. கையை விரிச்சுக்கிட்டுப் போய், என்கிட்ட இருந்த ஜப்பானீஸ் மொத்தத்தையும் கொட்டினேன். "நில்! உன் பெயரைச் சொல்!" புக்குல இருக்கிற மாதிரியே குரலும் கட்டையா வந்துடுச்சு.

"அய்யோ அப்பா! பேத்தியை யாராவது இப்டிக் கூப்பிடுவாங்களா?" கவிதா விழுந்து விழுந்து சிரிச்சா. யூரி சிரிக்கல.

லீவே பத்து நாள். அதுல ரெண்டு நாள், நான் இருக்கிற ரூம் பக்கமே குழந்தை வரல. முசியே வந்து அவகிட்ட பிரெஞ்சுல என்னமோ சொல்றாரு — அதுக்குச் சிரிக்கறா! எனக்கு வயிறு எரிஞ்சுது. கிண்டலாதான் எழுதிட்டு வரேன். ஆனா அன்னைக்கு மாடிக்குப் போய் அழுதேன்.

மூணாம் நாள் யூரி ஹால்ல குப்புறப் படுத்துக்கிட்டு, அவ பையில கொண்டு வந்த மாங்கா ஒண்ணைப் படிச்சிட்டிருந்தா. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். கண்டுக்கல. பக்கத்துல கிடந்த இன்னொண்ணை எடுத்து, எழுத்துக் கூட்டி, சத்தமா படிச்சேன். ஒரு பொண்ணு, அவ டிபன் பாக்ஸ், ஸ்கூலுக்கு லேட். 'எழுந்திரு', 'பல் தேய்ச்சியா?', 'குடை எடுத்துக்கோ' — பேத்திகிட்ட ஒரு மனுஷன் பேச வேண்டியதெல்லாம் அதுல இருந்துச்சு.

தப்பும் தவறுமா படிச்சா யாருக்குத்தான் பொறுக்கும்? யூரி தலையைத் தூக்கினா. முறைச்சா. அந்த வார்த்தையைச் சரியாச் சொல்லிக் காட்டினா. நான் திரும்பவும் சொதப்பினேன். உச்சுக் கொட்டிட்டு எழுந்து வந்து, என் விரலைப் பிடிச்சு எழுத்து மேல வச்சா. அடுத்த தப்பு... ஒத்துக்கறேன், அது வேணும்னே பண்ணது.

இத்தனை வருஷத்துல எத்தனையோ எடிட்டருங்க என்னைத் திருத்தியிருக்காங்க. மடியில ஏறி உட்கார்ந்து திருத்தினது இந்த அம்மா ஒருத்திதான்!