கண்ணாடியில் நேராய் நின்றவள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. வல்லத்தில் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தேன், அதிலும் பாதி நாள் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போய்விடுவேன். இப்போது மறதி வேறு சேர்ந்துவிட்டது. முன்னுக்குப் பின் மாறியிருந்தால் நீங்களே சரியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள் நான். எங்கள் வீட்டில் சாயந்திரம் ஜெபமாலை சொல்வோம், சாப்பிடுவோம், படுப்போம். மற்றதற்கெல்லாம் நேரமும் கிடையாது, நம்பிக்கையும் கிடையாது. அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலோ அஞ்சோ இருக்கும், எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார நிழல் இல்லை, அடிவாரத்தில் ஒரு பூங்கா போடலாம் என்று சர்க்காரில் யோசித்து, இடத்தை அளக்க மெட்ராசிலிருந்து ஒரு ஐயாவை அனுப்பியிருந்தார்கள். சின்ன வயசுக்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். வெறுமனே சங்கிலி போட்டு அளந்துவிட்டுப் போவார் என்று நினைத்தோம். அவரானால் ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்புக் குறி வைக்கச் சொன்னார், எந்தப் பாறை இருக்கட்டும் எந்தப் பாறை போகட்டும் என்று பார்த்தார், மழைத்தண்ணீர் மலையிலிருந்து எந்த வழியாய் இறங்குகிறது என்று கேட்டுக் கேட்டு வரைந்துகொண்டார். என் வீட்டுக்காரர் சவரிமுத்து சங்கிலி இழுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். நானும் இன்னும் சில பெண்களும் அவர்களுக்கு முன்னால் முள் வெட்டி வழி விடுவோம்.

ஐயாவிடம் முக்காலி மேல் வைத்துப் பார்க்கிற ஒரு கண்ணாடி இருந்தது. எதிரே தூரத்தில் ஒருவர் கோடு போட்ட நெட்டைக் கட்டையைப் பிடித்து நிற்க வேண்டும், ஐயா கண்ணாடி வழியாய்ப் பார்த்து அந்தக் கோட்டை வாசிப்பார். மேடு பள்ளம் அதில் தெரிந்துவிடும். கட்டை பிடிப்பது முள் வெட்டுகிற மாதிரி கஷ்டமில்லை, நின்றால் போதும். ஆனாலும் எங்களில் ஒருத்தியும் அதற்குப் போக மாட்டோம். காரணம் என்னவென்றால், அந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாய்த் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தலைகீழாய்த் தெரிந்தால் கட்டின சேலை என்னாகும்? சிரிக்காதீர்கள், அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய பயம். அந்தக் கண்ணாடி எங்கள் பக்கம் திரும்பினாலே ஆளுக்கொரு புதர் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வோம்.

அன்றைக்கு நல்ல உச்சிவேளை. மற்ற நாளில் அந்நேரம் கஞ்சி குடித்துப் படுத்திருப்போம். மத்தியான நிழல் எதுவரை விழுகிறதென்று ஐயாவுக்குத் தெரிய வேண்டுமாம், அதனால் வேலை நடந்தது. எட்ட ஒரு வேப்பமரத்துக்கு அந்தண்டை கட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஐயா என்னைக் கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"இன்னா ஐயா, அவளப் போயி கூப்புடற," என்றாள் கூட வேலை செய்த பொன்னம்மா. "அவ ஊட்டுக்காரரு மூஞ்சையே இன்னும் நேரா பாத்திருக்க மாட்டா. கண்ணாடியில சேல அவுந்துச்சின்னா உசுர வுட்டுடுவா."

எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பாவம், அவருக்கே வெட்கமாய்ப் போய்விட்டது. "ஏம்மா, தலைகீழாத் தெரியறது கண்ணாடிக்குள்ள மட்டும்தான். சேலைக்கு ஒண்ணும் ஆகாது. உன் வீட்டுக்காரரே போய் நிக்கட்டும், நீயே வந்து பார்," என்றார்.

"போ தங்கச்சி, ஊட்டுக்காரர தொங்கவுட்டுப் பாக்கற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்," என்று பொன்னம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

என் வீட்டுக்காரர் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். நான் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். சின்ன வட்டம். அதற்குள் வேப்பமரம் தொங்கியது, அவரும் தொங்கினார். கால் மேலே, தலைப்பாகை கீழே. வேட்டி கட்டினபடியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா பக்கத்தில் நின்று, இன்னும் பின்னால் போ என்று அவருக்குக் கை காட்டினார். அவர் கட்டையை எங்கள் பக்கம் காட்டியபடியே, திரும்பிப் பார்க்காமல் பின்வாக்கில் நடந்தார்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பச்சைச் சேலை, கடுகு நிறத்தில் கரை. தலை கவிழ்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை. யாரோ புதுசாய் வேலைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மரம் தலைகீழாய் இருக்கிறது, மனுஷர் தலைகீழாய் இருக்கிறார், அவள் மட்டும் நேராய் நிற்கிறாள்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன். வெயிலில் அவர் ஒருத்தர்தான், பின்னால் வெறும் முள்புதர். திரும்பவும் குனிந்து பார்த்தேன். அவள் இருக்கிறாள், அவர் அவளை நெருங்கிக்கொண்டே இருக்கிறார்.

நான் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்நேரம் 'ஏங்க' என்று கூப்பிட்டால் அத்தனை ஆண்களில் யார் திரும்புவார்கள் என்றெல்லாம் யோசித்தேனா என்று தெரியாது. வாயில் வந்துவிட்டது.

"சவரிமுத்து! நில்லு!"

பொன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் காலத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், மாதா கோயிலில் சாமியார் கேட்டால்கூடப் பக்கத்திலிருக்கிற யாராவதுதான் சொல்வார்கள். அவர் அப்படியே அதிர்ந்து நின்றுவிட்டார். கையிலிருந்த கட்டை நழுவிப் பின்பக்கம் முள்மேல் சாய்ந்தது. சாய்ந்தது அங்கே நிற்கவில்லை, முள்ளோடு முள்ளாய் உள்ளே போய்விட்டது. எங்கேயோ ஆழத்தில் அது விழுகிற சத்தம் அப்புறம்தான் கேட்டது.

முள்ளை விலக்கிப் பார்த்தால் பழைய கிணறு. கைப்பிடிச்சுவர் இல்லை, தண்ணீர் இல்லை, அடியெல்லாம் கல். இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் என் வீட்டுக்காரர் இல்லை.

அவர் வியர்த்துப் போய் என்னிடம் வந்து, "பேரு சொல்லிட்டியேடி," என்றார். நான் எதைப் பார்த்துக் கத்தினேன் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கிணறு கண்ணில் பட்டிருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

சாயந்திரம் கூலிக்காரர்கள் போன பிறகு ஐயா என்னிடம் மெதுவாய்க் கேட்டார். "ஏம்மா, பச்சைச் சேலையா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"நானும் காலையில பாத்தேன். வெயில்ல கண்ணு கூசுதுன்னு நெனச்சு கண்ணாடியத் தொடச்சேன்," என்றார். முக்காலியை மடக்கிக்கொண்டே, "கண்ணாடியில நேராத் தெரிஞ்சா, நிஜத்துல அவ தலைகீழாத்தானேம்மா இருந்திருக்கணும்," என்றார்.

கிணற்றில் விழுகிறவள் அப்படித்தானே விழுவாள் என்று நான் நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார். மறுநாள் ஐயா கிணற்றைச் சுற்றி வேலி போடச் சொன்னார். அப்புறம் பூங்கா அந்த இடத்தில் வரவில்லை, ஏனென்று எங்களுக்குத் தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். அந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு என் வீட்டுக்காரர் செஞ்சி பஜாரில் தானே பார்த்து எடுத்ததாய் ஒரு சேலை கொண்டுவந்து கொடுத்தார். பச்சைச் சேலை, கடுகு நிறத்தில் கரை.

"புடிக்கலியா?" என்றார்.

"புடிச்சிருக்குது," என்றேன்.

அன்றைக்குக் கட்டை பிடிக்க ஐயா கூப்பிட்டது என்னைத்தான். வெட்கப்படாமல் நான் போயிருந்தால் என்று யோசிப்பேன், யோசித்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தும் பல வருஷமாகிவிட்டது. அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஏன் கட்டவில்லை என்று அவர் கடைசி வரைக்கும் கேட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் நில அளவை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதினது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். வருஷம் தப்பாயிருக்கலாம், கிணறு இப்போது இருக்கிறதா என்றும் தெரியாது. முக்கியமாய் ஒன்று. அந்தக் காலத்துக் கண்ணாடியில் ஏதாவது கோளாறு இருந்து, எல்லாம் தலைகீழாய்த் தெரியும்போது ஒன்று மட்டும் நேராய்த் தெரிய வழி உண்டா? உண்டு என்று ஒருத்தர் சொன்னால் போதும், அந்தச் சேலையை ஒரு நாளாவது கட்டிக்கொள்வேன்.