வாடிவீட்டில் இருந்த தையல் மெஷின்

பழைய வாடிவீட்டில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்து வரத்தான் நெடுங்கேணித் தயாளினி மகள் சுகந்தினியுடன் பஸ் ஏறினாள். வெள்ளைக்காரத் துரைமார் தங்கிப்போன கட்டடம். ஷெல்லடியில் பறந்த கூரையை மட்டும் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது அறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கயிறு கட்டி மறித்த மூலையில் அவளுடைய தையல் மெஷின்! உடைந்த மிதிபலகைக்குக் கணவன் சிவராசா சைக்கிள் மட்காட் தகரத்தை வெட்டிப் போட்ட ஒட்டுக்கூட அப்படியே இருந்தது.

கலவரத்துக்குத் தப்பி, தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவளுடையது. கல்யாணத்துக்கு நகை வேண்டாம், மெஷின்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள். கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது, காயப்பட்டவர்களை ஏற்ற இடமில்லாமல், டிராக்டரில் இருந்த மெஷினைத் தானே வேலியோரம் இறக்கி வைத்தாள். பிறகு சிவராசாவும் திரும்பி வரவில்லை.

"இங்கு வாழ்ந்த மக்கள் பயன்படுத்திய தையல் இயந்திரம்" என்று எழுதி வைத்திருந்தார்கள். தயாளினி கயிற்றை உயர்த்திக் குனிந்து உள்ளே போனாள்.

பொறுப்பாளர் முத்துலிங்கம் ஓடிவந்தார். "அக்கா, தொடாதேங்கோ!"

"ஏன் தொடக்கூடாது? இது என்ர மெஷின். 'வாழ்ந்த மக்கள்' எண்டு எழுதியிருக்கிறியள். நான் உயிரோட நிக்கிறன், தெரியேல்லையே?"

ஒட்டுப்போட்ட கதையைக் கேட்டதும் அவருடைய குரல் தணிந்தது. "உங்கட பேரையும் படத்தையும் பக்கத்தில வைப்பம், அக்கா. எல்லாரும் பாப்பினம்."

"படம் துணி தைக்குமோ, தம்பி? மெஷினைத் தாங்கோ."

"கொமிற்றி கூடித்தான் முடிவெடுக்கலாம்."

"கூடட்டும். நான் இருக்கிறன்."

அவருடைய கதிரையையே இழுத்துப்போட்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "வாங்கோ அம்மா, போவம்" என்று சுகந்தினி கெஞ்சியும் அசையவில்லை. கதவு பூட்டும் நேரம்வரை இருந்தாள். மறுநாளும் முதல் பஸ்ஸில் போய் இருந்தாள். பார்க்க வந்தவர்கள் அவளிடமே கதை கேட்டார்கள். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பின்னேரமே கொமிற்றி கூடியது. முத்துலிங்கமே ஒரு பக்கம் பிடித்து மெஷினை லாண்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏற்றிவிட்டார்.

துரு துடைத்து, எண்ணெய் விட்டு, புதுப் பட்டி மாட்டியதும் மெஷின் ஓடத் தொடங்கியது.

"அங்கேயே விட்டிருந்தால் நாலு சனம் பாத்திருக்குமே" என்றாள் பக்கத்து வீட்டு இலட்சுமி.

தயாளினி காலை எடுக்காமல் மிதித்தாள். "பாக்கிற ஆக்கள் இஞ்ச வரட்டும். வரேக்க துணியும் கொண்டு வரட்டும்."