டிரம் அக்காவின் இடைவேளை

என் அண்ணியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறேன் என்றால் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நாத்தனார் என்று ஒருத்தி பிறப்பதே அண்ணியின் தலையை உருட்டத்தான் என்று அவர்களுக்கு நினைப்பு. நினைத்துக்கொண்டு போகட்டும். அவளுடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வருகிற போனையெல்லாம் எடுத்தவள் நான். அவளுடைய புத்தகங்களைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். அவளைத் திட்ட எனக்கு உள்ள உரிமை வேறு யாருக்கும் கிடையாது. வயதில் என்னைவிடச் சின்னவள், முறையில் பெரியவள். அதனால் கூப்பிடும்போது அண்ணி, நீங்க, வாங்க. எழுதும்போது அவள்.

ஊருக்கெல்லாம் அவள் டிரம் அக்கா. அண்ணன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஒப்பனை வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு நாலாவது மாடி. பால்கனியில் ஒரு ஆள் காலை நீட்டினால் இன்னொரு ஆள் நிற்க முடியாது. அங்கே பெயின்ட் டப்பாவிலும் உடைந்த வாளியிலும் எதையாவது நட்டுக்கொண்டே இருப்பாள். வாஷிங் மெஷின் உயிரை விட்ட அன்று பழைய இரும்புக்காரனோடு அண்ணன் பேரம் பேசிக்கொண்டிருக்க, இவள் உள்ளே இருந்த டிரம்மைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டாள். "சுத்தி ஓட்டை இருக்கு, துருப்பிடிக்காது, இதைவிட நல்ல தொட்டி எந்தக் கடையில கிடைக்கும்?" என்றாள். அந்த ஓட்டைகளிலிருந்தே தக்காளி எட்டிப் பார்த்தது. வேறொரு பழைய மெஷினின் டிரம்மில் செடி வைத்து ஒப்பனை அறைக்கும் கொண்டுபோனாள்.

நேரடி ஒளிபரப்பு தொடங்கப்போகும் சமயத்தில் சமையல் நிகழ்ச்சிக்காரர் இயக்குநரோடு சண்டை போட்டுக்கொண்டு ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனாரே, அன்று பிறந்தது அவளுடைய வாழ்க்கை. "யாராவது எதையாவது பேசித் தொலைங்கய்யா!" என்று இயக்குநர் கத்தினார். பவுடர் பஞ்சைக் கையில் பிடித்தபடியே டிரம்மை உருட்டிக்கொண்டு விளக்குக்கு முன்னால் போய் நின்றாள் அண்ணி. செடி வளர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் பல வருடம் நிறுத்தவில்லை.

ஆனால் ஒரு கெட்ட பழக்கம் அவளிடம் இருந்தது. எதையும் முழுதாகச் சொல்ல மாட்டாள். செடி ஏன் வாடுகிறது என்று காரணம் காரணமாக அடுக்கி, உண்மையான காரணம் நாக்கு நுனிக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள். "அதை இடைவேளைக்கப்புறம் சொல்றேன். எங்கேயும் போயிடாதீங்க." விளம்பரக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். வீட்டிலும் இதே கதைதான். அண்ணனின் முதுகு வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "இருங்க, கையைக் கழுவிட்டு வந்து சொல்றேன்" என்பாள். பதில் வருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். முதல் புத்தகத்திலும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் முக்கியமான விஷயம் கடைசி வரியில்தான். தட்டச்சு செய்யும்போதே சொன்னேன், கேட்டால்தானே.

ஒரு நாள் மதிய நிகழ்ச்சியில் அவள் மேசைமேல் ஒரு கொடியை வைத்திருந்தாள். வேலியில் ஏறுகிற கொடி. பூ, நுனியில் சிவந்து அடியில் மஞ்சளாக, இதழெல்லாம் மேல்நோக்கி நெளிந்து நெருப்பு மாதிரி நிற்கும். அழகுக்காகப் பல வீட்டில் வைத்திருப்பார்கள். வேரோடு பிடுங்கி, கிழங்கைக் கழுவி, கேமராவுக்குக் காட்டினாள். பார்வைக்குச் சர்க்கரைவள்ளி மாதிரிதான் இருந்தது.

"இதுக்குப் பேரு கண்வலிக் கிழங்கு. ஏன் இந்தப் பேரு வந்துச்சு? யாருக்கெல்லாம் இது வீட்டுல இருக்கோ, அவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கவேண்டிய ஒண்ணு இருக்கு. இடைவேளைக்கப்புறம் சொல்றேன்."

அவள் சொல்ல வைத்திருந்தது இதுதான். அந்தப் பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டதால் வந்த பெயர் அது. கண் நோய்க்கும் கிழங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிழங்கோ கொடிய விஷம்.

விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஒரு பெரியவரின் குரல். "அம்மா, என் சம்சாரத்துக்கு ரெண்டு நாளா கண்ணு வலி, திறக்கவே முடியல. அக்கா காட்டின கிழங்கு எங்க வேலியிலயே கிடக்கு. தோண்டி அடுப்புல வச்சுட்டேன். இதை அப்படியே குடுக்கறதா, மசிச்சுக் குடுக்கறதா?"

"ஐயோ" என்றேன். அவ்வளவுதான், இணைப்பு அறுந்துவிட்டது. எதிரே இருந்த திரையில் எங்கள் நிகழ்ச்சியைக் காணோம். செய்தி வாசிப்பவர் வந்துவிட்டார். ஆட்சி கவிழ்ந்துவிட்டதாம். எங்கள் போன் இணைப்பு மொத்தத்தையும் செய்திப் பிரிவு எடுத்துக்கொண்டுவிட்டது. அந்தக் காலத்துப் போனில் யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்கவும் வழியில்லை.

அண்ணியிடம் ஓடிச் சொன்னேன். "வேகவச்சாலும் விஷம் போகாது" என்றாள். அவள் ஒரு விஷயத்தை உடனே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

செய்தி ஆசிரியர் கண்ணாடி அறைக்குள் மூன்று போனில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு ஒரு நிமிஷம் குடுங்க."

"அக்கா, விளையாடறீங்களா? நாடே டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கு."

"அதனாலதான் கேக்கறேன். ஒருத்தர் விஷத்தை வேகவச்சுட்டு இருக்காரு. நான் சொன்னதைக் கேட்டுட்டு."

அவர் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். மேலிடத்தைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். "கீழே ஓடற எழுத்துல போட்டுடலாம்" என்று தட்டச்சுக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். உடனே எழுத்து ஓடவும் ஆரம்பித்தது. கவிழ்ந்த அமைச்சர்களின் பெயர்களுக்கு நடுவே கண்வலிக் கிழங்கு.

"சார், கண்ணைத் திறக்க முடியாதவ எழுத்தை எப்படிப் படிப்பா? அவருக்கும் வயசாச்சு. காதுல விழணும் சார்!"

"மேலே கேட்டுச் சொல்றேன்."

"ஆட்சி கவிழ்ந்தது கவிழ்ந்தபடியே கிடக்கட்டும். எங்கேயும் போயிடாது" என்றாள். கதவில் சிவப்பு விளக்கு எரிகிறபோது யாரும் உள்ளே போகக் கூடாது. போனாள். நானும் பின்னால் ஓடினேன். செய்தி வாசிப்பவர் பாவம், வாக்கியத்தின் பாதியில் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். அவருடைய பளபளக்கிற மேசையில் மண் ஒட்டிய கிழங்கை வைத்துவிட்டு அண்ணி கேமராவைப் பார்த்தாள்.

"கண்வலிக் கிழங்கு கண்ணு வலிக்கு மருந்து இல்ல. விஷம். வேகவச்சாலும் விஷம், அரைச்சாலும் விஷம். சாப்பிட்டா உயிர் போயிடும். யாராவது வாயில வச்சிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

வெளியே வந்ததும் செய்தி ஆசிரியர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். அண்ணியின் காதில் எதுவும் ஏறவில்லை. எங்கள் போன் இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும்வரை போன் பக்கத்திலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டாள். "கேட்டிருப்பாங்க இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டிருப்பாங்க என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. அடுப்பில் வைத்ததாக அந்தப் பெரியவர் சொன்ன கிழங்கு வெந்து முடிந்திருக்கும். இதுவரை என் வாழ்க்கையில் இவளை எதற்கெல்லாம் திட்டினேனோ அதையெல்லாம் மனசுக்குள் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

போன் அடித்தது. அண்ணி பறித்தாள். நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.

அதே பெரியவர். குரலில் கொஞ்சம் கோபம். "ஏம்மா, நிகழ்ச்சி மறுபடி எப்ப வரும்? செய்தி வந்ததும் டிவியை அணைச்சுட்டோம். யாரு வந்தா என்ன, யாரு போனா என்ன. கிழங்கு தட்டுல ஆறிப்போயிட்டு இருக்கு."

"கொட்டுங்க!" என்று அண்ணி அலறிய அலறலில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "குழி தோண்டிப் புதைங்க. கையைக் கழுவுங்க. அந்தப் பாத்திரத்துல இனிமே சமைக்காதீங்க. அம்மா சாப்பிட்டாங்களா? ஒரு வாய்? ஒரு துளி?"

போனில் கை மாறியது. ஒரு பெண்ணின் மெல்லிய குரல். "சாப்பிடலக்கா. இவரு ஊட்டத்தான் வந்தாரு, நான்தான் வேணாம்னேன். நீங்க எப்பவும் முக்கியமானதைக் கடைசியிலதானே சொல்வீங்க? நீங்க சொல்லி முடிக்காம நான் எதையும் செய்ய மாட்டேன்."

அண்ணி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தேன், அழுதேன், கண்ணைக் காட்ட நல்ல டாக்டரின் முகவரியை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். "பார்த்தீங்களா அண்ணி, உங்க இடைவேளைதான் அவங்களைக் காப்பாத்துச்சு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காத்திருக்காதவங்க?" என்றாள்.

அதைச் சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆனதாக இன்றுவரை ஒரு செய்தியும் எங்கள் காதுக்கு வரவில்லை. அப்படியும் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

மறுவாரம் நிகழ்ச்சியின் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொன்னாள். ரோஜா வாடுவது அதிகத் தண்ணீரால், தண்ணீரைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு, பிறகுதான் வணக்கமே வைத்தாள். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதல் வாக்கியத்தைக் கேட்டதும் ஜனங்கள் எழுந்து வேலையைப் பார்க்கப் போனார்கள். பார்ப்பவர்கள் குறைந்தார்கள், விளம்பரம் குறைந்தது, நிகழ்ச்சியைப் பால்காரர் வருகிற நேரத்துக்குத் தள்ளினார்கள், பிறகு நிறுத்தியும்விட்டார்கள். பழைய தந்திரத்தை ஒரு தடவை எடுத்துவிட்டால் போதும், எல்லாம் திரும்பி வரும் என்று இயக்குநர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். அண்ணி அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். பழைய புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து மாற்றி எழுதினாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியும் முதல் வரியானது. அத்தனையையும் மறுபடி தட்டச்சு செய்தேன். முணுமுணுக்காமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். முடிவை வாங்கிவர அண்ணிதான் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டு நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றவில்லை, பையை வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே, மூச்சு வாங்க, "ஒண்ணும் இல்ல" என்றாள். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தாள்.