பரீட்சையன்று திறந்த கதவு

கோலார் தங்கவயலில் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. நான் அதற்குத் தலைமை வாத்தியார். பெயர்தான் பெரிது. கூரை ஒழுகினால் ஏணியில் ஏறுவதும் நான்தான், பிள்ளையை அனுப்பாத தகப்பனிடம் வாய்ச்சண்டை போடுவதும் நான்தான். முடிவெடுப்பது மட்டும் வெள்ளைக்காரத் துரை. சுரங்க வேலைக்கு நடுவே பள்ளிக்கூடத்தையும் கம்பெனி அவர் தலையில் கட்டியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் நான்காம் வகுப்பு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வைக்கும் பரீட்சையில் பிள்ளைகள் தேறினால் வகுப்பு நீடிக்கும். இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்போடு சரி. பேட்டைப் பள்ளிக்கூடத்தில் எங்கள் கூலிக் குடியிருப்பு லைன் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவிடமாட்டார்கள். மூன்றோடு நின்றவனுக்குச் சுரங்கம்தான். நான்கு முடித்தால் ஆபீஸில் டைம் எழுதும் வேலையாவது கிடைக்கும் என்று தாய்மார்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

"நாளைக்கு என்ன நடந்தாலும் கதவைத் திறக்காதே" என்றார் துரை, பரீட்சைக்கு முந்தின நாள். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஷிப்ட் மாறாத நேரத்தில் சங்கு ஊதினால் உள்ளே பாறை சரிந்துவிட்டது என்று அர்த்தம். செத்தது யார் என்று கம்பெனி லேசில் சொல்லாது. அதனால் லைனில் இருக்கிற பெண்டு பிள்ளைகள் அத்தனை பேரும் சுரங்கக் குழியின் ஷாப்ட் வாயில் போய் நிற்பார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் அதில் இருக்கிற முகங்களைப் பார்ப்பார்கள். தங்கள் வீட்டு முகம் வந்துவிட்டால் கூட்டிக்கொண்டு போவார்கள்.

மறுநாள் கணக்குப் பரீட்சையின் பாதியில் சங்கு ஊதியது. ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் நான் அவ்வளவு மிரட்டியிருந்தேன். பலப்பம் எழுதும் சத்தம் மட்டும் நின்றது. எல்லாக் கண்ணும் என் மேல்தான். "ம், எழுதுங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, தாழ்ப்பாளை நீக்கி, "போங்க, போய்ப் பாருங்க" என்றேன்.

அன்றைக்குச் செத்தவர்கள் வெளியூரிலிருந்து புதிதாக வந்த கூலிகள். எங்கள் பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லாரும் முழுசாக ஏறி வந்தார்கள். இன்ஸ்பெக்டர் காலிப் பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு ஜட்காவில் ஏறினார். வகுப்பை மூடச்சொல்லி உத்தரவு வந்தது. இன்னொரு நாள் பரீட்சை வையுங்கள் என்று கேட்கப் போனேன். துரை வராந்தாவிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

"நம்ம ஆளு யாரும் சாகலியே, அதுக்குள்ள இன்னா அவசரம் இவருக்கு?" என்று லைனில் என் காதுபடவே பேசினார்கள். மூடின கதவுக்குள் இருந்துகொண்டு அது எப்படித் தெரியுமாம்? திறக்காமல் இருந்திருந்தால் இவர்களே என்னைக் கல்லால் அடித்திருப்பார்கள். நான் செய்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். சொல்லி என்ன பிரயோஜனம்.

கொஞ்ச நாளில், கணக்கில் கெட்டிக்காரனாக இருந்த பையன் ஒருவன் காலை ஷிப்டுக்குத் தகப்பன் பின்னால் போவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். அவன் தாய் வாசலில் நின்றிருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று அருகே போனேன்.

"நீங்க கதவத் தொறந்தத நான் தப்பு சொல்லல வாத்தியாரே," என்றாள். "ஆனா இனிமே சங்கு ஊதுனா நான் ரெண்டு மூஞ்சியத் தேடணும்."