கவர்னரின் கிருதா

அந்தக் கவர்னர் செத்து நூற்றைம்பது வருடமாகிறது. ஆனாலும் அவரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. பள்ளிக்கூட நாடகத்தில் இரண்டு கன்னத்திலும் தாடைவரை கரியால் கிருதா இழுத்துவிட்டால் போதும், எந்தப் பொடியனும் கவர்னர்தான். சினிமா, படக்கதை, பத்திரிகைக் கேலிச்சித்திரம் எல்லாவற்றிலும் அதே கிருதா, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி.

அதை முதலில் ஒட்டியது என் சித்தி. சினிமாவுக்குப் பொய்முடி கட்டுகிறவள். ஜன்னலோரம் ஒரு மரத்தலையை மடியில் இடுக்கிக்கொண்டு, வலைத்துணியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போடுவாள். ஒரு ஜோடிக்கு ஒன்றரை நாள். படப்பிடிப்பில் அவளுக்கு 'மீசையக்கா' என்று பெயர். சித்தப்பாவுக்கு நடுமண்டை வரை வழுக்கை. "ஊருக்கெல்லாம் நட்டு வளர்க்கிறா, சொந்த வயலு தரிசு" என்று வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொல்வார்.

இருபத்திரண்டு வருடமாக யார் அந்தக் கவர்னரைப் படம் எடுத்தாலும் கிருதா சித்தியுடையதுதான். போன மாதம் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குக் கூப்பிட்டார்கள். அறுபது வாரத்து வேலை. போனதும் டைரக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். கவர்னர் உயிரோடு இருந்தபோது வரைந்த ஓவியத்தின் நகல். கன்னம் இரண்டும் மழமழவென்று இருந்தன.

"என்னக்கா, கிருதாவையே காணோம்? நீங்க எதைப் பார்த்துக் கட்டினீங்க?"

"எதையும் பார்க்கல தம்பி. முதல் படத்துல நடிச்சவருக்கு இடது கன்னத்துல ஒரு கொப்புளம். ஷூட்டிங்கை நிறுத்த முடியாதுன்னுட்டாங்க. மறைக்கிறதுக்கு ஒட்டினேன். ஒரு பக்கம் மட்டும்னா நல்லாவா இருக்கும், அதான் அந்தப் பக்கமும்."

டைரக்டர் சிரிக்கவில்லை. "அப்ப இந்தத் தடவை வேண்டாங்க்கா. நிஜமான ஆளைக் காட்டப்போறோம்."

சிப்பாய்களுக்குத் தொப்பி, மற்றவர்களுக்குச் சொந்த முடி. கிருதா இல்லையென்றால் சித்திக்கு அங்கே வேலையே இல்லை.

"கொப்புளத்தை உன்கிட்ட யாரு கேட்டா?" என்றார் சித்தப்பா. "ஏதோ பழைய புத்தகத்துல பார்த்தேன்னு அடிச்சுவிட வேண்டியதுதானே."

"அந்த மனுஷன் மூஞ்சியை மாத்தினது பத்தாதா? அவரு பேர்ல புத்தகம் வேற எழுதணுமா?"

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று முழுக்க மரத்தலை மொட்டையாகவே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் கம்பெனி வண்டி வந்து அவளை அள்ளிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் அங்கே நடந்தது இதுதான். ஐம்பது குடியானவர்கள் முன்னால் கவர்னர் வரி உத்தரவு படிக்கவேண்டும், அவர்கள் நடுங்கவேண்டும். மழுங்கச் சிரைத்த முகத்தோடு நடிகர் வந்து நின்றார். கூட்டத்தில் ஒரு பெரியவர், "இந்தக் குமாஸ்தா படிச்சு முடிச்சப்புறந்தானே கவர்னர் வருவாரு?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடுங்கச் சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பில் தோள்தான் குலுங்கியது.

"ஒட்டிருங்கக்கா," என்றார் டைரக்டர். "யாருக்கும் அடையாளம் தெரியல." நடிகரும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அறுபது வாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சித்தி பசைப் புட்டியைத் திறக்கவில்லை.

"முதல் காட்சிக்கு மட்டும் ஒட்டுறேன் தம்பி. ஜனங்க பார்க்க நாற்காலியில உட்காரவச்சு, கத்தியால சிரைச்சு எடுத்திருங்க. கவர்னர்னும் தெரிஞ்சுரும், உங்க ஓவியத்து மூஞ்சியும் வந்துரும்."

"அப்ப உங்களுக்கு ஒருநாள் வேலைதானேக்கா?"

"ஒருநாள்தான்."

ஆனால் டைரக்டர் லேசுப்பட்டவர் இல்லை. ஒருவர் கதவைத் திறப்பதையே பதினாறு தடவை எடுத்தவராம். சிரைத்த கிருதா திரும்ப உதவாது. முதல் தடவை நுரை போதவில்லை. இரண்டாவதில் வெயில் போய்விட்டது. மூன்றாவதில் நடிகருக்குத் தும்மல். நடுவில் வேறு காட்சிகளை எடுத்துக்கொண்டு சித்தியின் புது ஜோடிக்காகக் காத்திருக்கிறார்கள். ஏழு ஜோடி போயாயிற்று.

நேற்று சித்தப்பாவும் ஊசி பிடித்தார். வலது கன்னம் அவர் பொறுப்பு. "இதென்ன கிருதாவா, கால்மிதியா?" என்று சித்தி அதை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கடைசியாக எடுத்ததைத் திரையில் போட்டுப் பார்த்தாராம் டைரக்டர். கத்தி சாய்ந்திருக்கிறதாம், இன்னொரு தடவை எடுக்கவேண்டுமாம்.

"அதுக்கென்ன தம்பி, வரலாறுன்னா சும்மாவா," என்றாள் சித்தி, குரலில் கொஞ்சம் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு.